எந்த ஆடியை எவ்வளவு நகர்த்துவது? ஒளியியல் கருவிகளைக் கணினித் துணையோடு சீரமைக்கும் முறை

2005ஆம் ஆண்டு மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளில் இரண்டு கேமராக்கள் இருந்தன. சுமார் 618 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி அவை தரையை 2.5 மீட்டர் நுணுக்கத்தில் படம் எடுத்தன. ஒன்று 26 பாகை முன்னோக்கியும் மற்றொன்று 5 பாகை பின்னோக்கியும் சாய்த்துப் பொருத்தப்பட்டிருந்ததால், ஒரே இடத்தின் இரண்டு படங்களை ஒப்பிட்டு நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் கணக்கிட முடிந்தது. காவிரி டெல்டாவைப் போல, கண்ணுக்குச் சமதளமாகவே தெரிந்தாலும் தண்ணீரின் போக்கைச் சிறிய மேடு பள்ளங்களே தீர்மானிக்கும் நிலத்துக்கு இத்தகைய படங்களின் பயன் பெரிது. அகமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய அந்தக் கேமராக்கள் ஒவ்வொன்றிலும் பிம்பத்தை உருவாக்கியவை மூன்று வளைந்த ஆடிகள். ஓர் ஆடி மற்றோர் ஆடியின் வழியை மறைக்காமல் இருப்பதற்காக அவை ஒரே நேர்கோட்டில் இல்லாமல் பக்கவாட்டில் விலக்கி அமைக்கப்பட்டிருந்தன.

மூன்று ஆடிகளையும் மிகத் துல்லியமாகத் தேய்த்து மெருகேற்றி முடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அவற்றை ஒரு சட்டத்தில் பொருத்தினால் தெளிவான படம் உடனே கிடைத்துவிடாது. பெரும்பாலும் கலங்கிய பிம்பமே கிடைக்கும். எந்த ஆடி, எந்தத் திசையில், எத்தனை மைக்ரான் விலகியிருக்கிறது என்பதை அந்தப் பிம்பம் நேரடியாகச் சொல்லாது. கலங்கலை அளந்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, நகர்த்த வேண்டிய அளவுகளைக் கண்டுபிடிப்பதே கணினித் துணையோடு செய்யப்படும் சீரமைப்பு. இயற்பியலில் இளநிலைப் பட்டம் படிக்கும் ஒருவர் இதன் அடிப்படையைப் புரிந்துகொள்ள முடியும்; பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் அணிகளைப் படித்தவருக்குப் பாதி வழி ஏற்கெனவே தெரிந்ததுதான்.

முதலில் சிக்கலின் அளவைப் பார்க்க வேண்டும். முப்பரிமாண வெளியில் எந்தத் திடப்பொருளும் ஆறு வகையில் அசையலாம்: மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளைச் சுற்றித் திரும்பலாம். சாதாரண வில்லையைப் போலத் தன் அச்சைச் சுற்றிச் சமச்சீரான உறுப்பு அந்த அச்சைச் சுற்றித் திரும்பினால் எதுவும் மாறாது என்பதால், அதற்கு ஐந்து அசைவுகளே கணக்கில் வரும். அச்சு விலகிய ஆடிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே மூன்று ஆடிகளுக்கு 18 எண்கள் தேவை. அவற்றில் ஒன்றை அசையாத ஆதாரமாக எடுத்துக்கொண்டாலும் 12 எண்கள் மிஞ்சும். படத்தைப் பதிவு செய்யும் உணர்வியின் நிலையையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஒவ்வோர் எண்ணுக்கும் பத்து நிலைகளை மட்டும் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தால்கூட, 12 எண்களுக்கு ஒரு லட்சம் கோடி சேர்க்கைகள் வந்துவிடும். தடவித் தடவிப் பார்த்து இதை முடிக்க எவராலும் முடியாது.

டெல்டாக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் வேறோர் உருவத்தில் பழக்கமானதே. கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. தென்பெரம்பூரில் வெண்ணாற்றுத் தண்ணீர் மீண்டும் வெட்டாறு, வடவாறு என்று பகிரப்படுகிறது. அதன் கீழே எத்தனையோ நீரொழுங்கிகளும் மதகுகளும் இருக்கின்றன. கடைமடையில் ஓர் ஊருக்குத் தண்ணீர் குறைந்தால், காரணம் பக்கத்து ஷட்டராகவும் இருக்கலாம், பல மைல் மேலே உள்ளதாகவும் இருக்கலாம். ஒரு ஷட்டரைத் தூக்கினால் ஓரிடத்தில் மட்டுமன்றிப் பல இடங்களில் நீர்மட்டம் மாறும். இப்போது ஒவ்வொரு ஷட்டரையும் தனித்தனியே ஓர் அங்குலம் தூக்கிப் பார்த்து, ஒவ்வொரு கடைமடையிலும் மட்டம் எவ்வளவு ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்று ஓர் அட்டவணை எழுதி வைத்துக்கொண்டால், பிறகு எந்த ஊர்களில் எவ்வளவு குறை என்று தெரிந்த உடனே, எந்தெந்த ஷட்டரை எவ்வளவு அசைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். ஒளியியல் சீரமைப்பிலும் நடப்பது இதுதான்: ஆடிகளின் அசைவுகள் ஷட்டர்கள், படத்தின் வெவ்வேறு இடங்களில் தெரியும் குறைகள் கடைமடை மட்டங்கள், அட்டவணைக்கு உணர்திறன் அணி என்று பெயர்.

அட்டவணை எழுத வேண்டுமானால் கலங்கலை எண்ணாக்க வேண்டும். ஒரு தொலைதூர நட்சத்திரத்திலிருந்து வரும் ஒளியின் அலைமுகப்பு, அதாவது ஒரே கட்டத்தில் உள்ள அலைப்புள்ளிகளை இணைக்கும் பரப்பு, தட்டையானது. குறையற்ற தொலைநோக்கி அதை ஒரு புள்ளியை நோக்கிக் குவியும் கச்சிதமான கோளப் பரப்பாக மாற்றும். ஆடி விலகியிருந்தால் அந்தக் கோளம் சற்றே நெளியும். அந்த நெளிவு, உயரங்களின் வர்க்கச் சராசரியின் வர்க்கமூலமாகக் கணக்கிடும்போது, அலைநீளத்தில் 14இல் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருந்தால் கருவி நடைமுறையில் குறையற்றது என்பது மரேஷால் பெயரால் வழங்கும் பழைய அளவுகோல். சோதனைச்சாலைகளில் வழக்கமாகப் பயன்படும் ஹீலியம்-நியான் லேசரின் அலைநீளம் சுமார் 633 நானோமீட்டர். அதில் 14இல் ஒரு பங்கு ஏறத்தாழ 45 நானோமீட்டர். எதிரொளிப்பில் ஆடியின் பரப்பில் உள்ள பிழை அலைமுகப்பில் இரட்டிப்பாகும் என்பதையும் சேர்த்து நினைத்தால், எவ்வளவு சிறிய அளவுகளோடு போராடுகிறோம் என்பது விளங்கும்.

நெளிவை அளக்க இரண்டு வழிகள் பெருவழக்கு. குறுக்கீட்டுமானி, லேசர் ஒளியைக் கருவிக்குள் செலுத்தி, மறுபுறம் வைத்த தட்டையான ஆடியில் பட்டுத் திரும்பி வரச் செய்து, திரும்பிய அலையை மாதிரி அலையோடு கலந்து, தோன்றும் கருமை வெண்மைப் பட்டைகளிலிருந்து நெளிவைக் கணக்கிடுகிறது. ஷாக்-ஹார்ட்மன் உணர்வியில் நூற்றுக்கணக்கான நுண்வில்லைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வில்லையும் தன் பங்குக்கு ஒரு ஒளிப்புள்ளியை உருவாக்கும். புள்ளி தன் இடத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது அந்த இடத்தில் அலைமுகப்பின் சரிவைச் சொல்லும். முதலாவது ஆய்வுக்கூடத்துக்கும் இரண்டாவது வானத்தில் உள்ள நட்சத்திரத்தைக் கொண்டு அளப்பதற்கும் பொருத்தமானவை.

இப்படி அளந்த நெளிவுப் பரப்பைச் சில எண்களாகச் சுருக்குவதற்கு, நெதர்லாந்து இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் செர்னிக்கே 1934இல் வெளியிட்ட பல்லுறுப்புக் கோவைகள் உதவுகின்றன. (இவர் 1953இல் நோபல் பரிசு பெற்றது வேறொரு கண்டுபிடிப்பான கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கிக்காக.) வட்டமான துளையின் மேல் வரும் எந்த நெளிவையும் சில அடிப்படை வடிவங்களின் கூட்டாக எழுதிவிடலாம் என்பதே அவற்றின் பயன். அந்த வடிவங்களில் நமக்கு முக்கியமானவை நான்கு. குவியம் தள்ளிப்போவது முதலாவது. விளிம்பு வழியாக வரும் கதிரும் நடுவழியாக வரும் கதிரும் வெவ்வேறு இடங்களில் குவியும் கோளப் பிறழ்ச்சி இரண்டாவது. புள்ளியாக இருக்க வேண்டிய நட்சத்திரம் ஒருபக்கம் வால் நீண்டு தெரியும் கோமா மூன்றாவது. குவியத்துக்கு ஒருபுறம் ஒரு திசையிலும் மறுபுறம் அதற்குச் செங்குத்தாகவும் பிம்பம் நீளும் அஸ்டிக்மாட்டிசம் நான்காவது. கண் பரிசோதனைச் சீட்டில் சிலிண்டர் பவர் என்று எழுதப்படுவது இதே பிறழ்ச்சியைச் சரிசெய்வதற்குத்தான்.

எந்த அசைவு எந்தப் பிறழ்ச்சியைத் தரும் என்பதில்தான் விஷயத்தின் சுவையே இருக்கிறது. ஆடிகளுக்கு இடையிலான தூரம் மாறினால் குவியம் தள்ளிப்போகும், ஓரளவு கோளப் பிறழ்ச்சியும் வரும். இதில் குழப்பம் குறைவு. பக்கவாட்டில் நகர்வதும் சாய்வதும் அப்படியல்ல. பெரிய முதன்மை ஆடியும் அதற்கு எதிரே சிறிய துணை ஆடியும் கொண்ட தொலைநோக்கியை எடுத்துக்கொள்வோம். ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் இரு ஆடிகளைக் கொண்டு பிம்பம் அமைக்கும் வகையைச் சேர்ந்ததே. துணை ஆடி பக்கவாட்டில் நகர்ந்தால் படம் முழுவதும் ஒரே அளவில் கோமா தோன்றும். துணை ஆடி சாய்ந்தாலும் அதே வகைக் கோமாதான் தோன்றும். ஆகவே நகர்வு தந்த கோமாவைச் சாய்வைக் கொண்டு ரத்து செய்துவிட முடியும். வேறு விதமாகச் சொன்னால், அச்சின் மேல் ஒரு குறிப்பிட்ட புள்ளி உண்டு; அதை மையமாக வைத்துத் துணை ஆடியைச் சுழற்றினால் படத்தின் நடுவில் கோமா மாறவே மாறாது.

நடுவில் ஒரு நட்சத்திரத்தை வைத்து, அது உருண்டையாகத் தெரியும்வரை திருகிவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்துகொள்பவர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார். நகர்வும் சாய்வும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கலாம். அவை உண்மையில் வெளிப்படுவது படத்தின் ஓரங்களில்: நடுவிலிருந்து தொலைவு கூடக்கூட நேர்விகிதத்தில் வளரும் ஓர் அஸ்டிக்மாட்டிசம் அங்கே தோன்றும், ஓர் ஓரத்தில் ஒரு திசையிலும் எதிர் ஓரத்தில் அதற்குச் செங்குத்தான திசையிலும் நட்சத்திரங்கள் நீண்டிருக்கும். தலைமதகில் மட்டம் சரியாக இருப்பதை வைத்துக் கடைமடை நனைந்துவிட்டது என்று எழுத முடியாது. படத்தின் நடுவிலும் ஓரங்களிலுமாகப் பல புள்ளிகளில் அளப்பது, கணினிச் சீரமைப்பில் ஓர் ஆடம்பரமன்று. அது இல்லாவிட்டால் கணக்குக்கு விடையே இல்லை.

இதைச் சிறிய எண்களால் பார்க்கலாம். பின்வரும் எண்கள் எந்தக் கருவியையும் குறிப்பவை அல்ல, கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. துணை ஆடி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் நடுவில் 0.8 அலைநீளம் கோமாவும் ஓரத்தில் 0.1 அலைநீளம் அஸ்டிக்மாட்டிசமும் வருகின்றன என்க. அது ஒரு கலைத்துகள், அதாவது பாகையில் 60இல் ஒரு பங்கு, சாய்ந்தால் 0.4 அலைநீளம் கோமாவும் 0.3 அலைநீளம் அஸ்டிக்மாட்டிசமும் வருகின்றன என்க. வடிவமைப்பிலேயே இருக்கும் பிறழ்ச்சியைக் கழித்த பிறகு, நம் அளவீட்டில் நடுவில் 0.8 கோமாவும் ஓரத்தில் 0.35 அஸ்டிக்மாட்டிசமும் தென்படுகின்றன. நகர்வை ந என்றும் சாய்வை ச என்றும் கொண்டால், 0.8ந + 0.4ச = 0.8 என்பதும் 0.1ந + 0.3ச = 0.35 என்பதும் நம் இரண்டு சமன்பாடுகள். கிரேமரின் விதிப்படி தீர்த்தால் ந = 0.5 மில்லிமீட்டர், ச = 1 கலைத்துகள். இவற்றை எதிர்த்திசையில் கொடுத்துவிட்டால் இரு பிறழ்ச்சிகளும் போய்விடும்.

நடுவை மட்டும் பார்த்தவர் என்ன செய்திருப்பார்? 0.8 கோமாவைக் கண்டு, துணை ஆடியை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தியிருப்பார். நடுவில் கோமா சுத்தமாக மறைந்திருக்கும். ஆனால் ஓரத்தில் 0.25 அலைநீளம் அஸ்டிக்மாட்டிசம் அப்படியே தங்கியிருக்கும். அவரை இதற்காகக் குறை சொல்லவும் முடியாது, அவர் பார்த்த இடத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது.

உண்மையான கருவிகளில் இரண்டு சமன்பாடுகளுக்குப் பதில் பல வரும். மூன்று ஆடிக் கேமராவில் படத்தின் ஐந்து புள்ளிகளில் தலா எட்டு செர்னிக்கே எண்களை அளந்தால் 40 சமன்பாடுகள் கிடைக்கும், அறியாதவை 12. அளவீட்டில் எப்போதும் சிறு பிழை இருக்கும் என்பதால் 40 சமன்பாடுகளும் ஒரே நேரத்தில் மிகச் சரியாகப் பொருந்தா. எல்லாவற்றுக்கும் மிச்சமாகும் பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை மிகக் குறைவாக்கும் 12 எண்களைத் தேடுவதே மீச்சிறு வர்க்க முறை. 1805இல் லெஜாந்தர் முதலில் அச்சிட்டதும், சீரிஸ் என்ற குறுங்கோளின் பாதையைச் சில அளவீடுகளிலிருந்து கணக்கிட்ட காஸ் 1809இல் விரிவாக விளக்கியதுமான இந்த முறை, இன்று பைத்தான் மொழியில் ஒற்றை வரிக் கட்டளை. அட்டவணையில் உள்ள உணர்திறன் எண்களை ஜெமாக்ஸ், கோட் வி போன்ற ஒளியியல் வடிவமைப்பு மென்பொருள்களே தந்துவிடும்: கருவியின் கணினி மாதிரியில் ஓர் ஆடியை ஒரு நூலளவு அசைத்து, செர்னிக்கே எண்கள் எவ்வளவு மாறின என்று குறித்துக்கொள்வதுதான் அந்த வேலை.

ஆனால் கணக்குத் தீர்வதும் விடை நம்பத்தக்கதாக இருப்பதும் ஒன்றல்ல. மேலே சொன்ன எண்களைச் சற்று மாற்றிப் பார்ப்போம். நகர்வு 0.8 கோமாவும் 0.21 அஸ்டிக்மாட்டிசமும் தருகிறது, சாய்வு 0.4 கோமாவும் 0.1 அஸ்டிக்மாட்டிசமும் தருகிறது என்க. இரண்டு அசைவுகளின் விளைவும் இப்போது கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் இருக்கின்றன. அணிக்கோவையின் மதிப்பு 0.2 என்பதிலிருந்து சுருங்கி, குறியும் மாறி, -0.004 ஆகிவிடுகிறது. அஸ்டிக்மாட்டிசத்தை அளப்பதில் நூறில் ஒரு பங்கு அலைநீளம் பிழை நேர்ந்தால், விடையில் நகர்வு ஒரு மில்லிமீட்டரும் சாய்வு இரண்டு கலைத்துகளும் தவறிவிடும். அறையில் மின்விசிறி சுழன்றாலே அவ்வளவு பிழை வந்துவிடக்கூடும். கணினி தயங்காமல் விடையைக் கொடுக்கும். அந்த விடையை நம்பித் திருகுபவர், பெரிய பெரிய அசைவுகளைக் கொடுத்து, அவை ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ள, கருவியை இருந்த நிலையைவிட மோசமான நிலைக்குக் கொண்டுபோவார்.

எனவே தேர்ந்த சீரமைப்பாளர் தீர்வு தேடுவதற்கு முன்பு அணியையே ஆராய்கிறார். எஸ்.வி.டி. என்று பொறியாளர்கள் அழைக்கும் கணக்கு, ஆடிகளின் தனித்தனி அசைவுகளைக் கலந்து, ஒன்றோடொன்று சாராத கூட்டசைவுகளாக வரிசைப்படுத்தித் தருகிறது. வரிசையின் தலையில் உள்ள கூட்டசைவு படத்தை மிக அதிகமாகப் பாதிக்கும். கடைசியில் உள்ளது ஏறக்குறைய ஒன்றுமே செய்யாது. கடைசியில் உள்ளவற்றைச் சரிசெய்ய முயலாமல் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம், ஏனென்றால் படத்தைக் கெடுக்காத ஒரு பிழையைத் தேடிப்போய்த் திருத்துவதற்குக் காரணமே இல்லை. என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான பாடம் இந்த இடத்தில்தான் இருக்கிறது: ஒவ்வோர் ஆடியையும் வரைபடத்தில் உள்ள அதே இடத்துக்குக் கொண்டுவருவது குறிக்கோள் அல்ல, படம் தெளிவாக வந்தால் போதும். அதனால்தான் பல கருவிகளில் ஓர் ஆடிக்கு மட்டும் நுண்திருகுகளை வைத்து, மற்ற ஆடிகளின் சிறு பிழைகளையும் அதைக்கொண்டே ஈடுகட்டுகிறார்கள். எந்த ஆடிக்கு அந்தப் பொறுப்பைத் தருவது என்பதை, கருவியை வடிவமைக்கும்போதே இதே அணியைப் பார்த்து முடிவு செய்வது வழக்கம்.

நடைமுறை வரிசை பெரும்பாலும் இப்படி அமையும். முதலில் தியோடலைட், லேசர் டிராக்கர் போன்ற அளவைக் கருவிகளால் ஆடிகளை வரைபடத்தின் இடத்துக்கு அருகில் கொண்டுவருகிறார்கள். பட்டைகளே தெரியாத அளவுக்குக் கலங்கியிருக்கும் நிலையில் குறுக்கீட்டுமானியால் பயனில்லை என்பதால் இந்தக் கட்டம் தவிர்க்க முடியாதது. பிறகு அளவீடு, கணக்கு, திருகல் என்று சுற்றுகள் தொடரும். அட்டவணை நேர்விகிதத்தை நம்பி எழுதப்பட்டது. அசைவு பெரிதாக இருந்தால் அந்த விகிதம் பிசகும். அதனால் முதல் சுற்றில் விடை முழுவதையும் கொடுக்காமல் ஒரு பகுதியை மட்டும் கொடுத்துவிட்டு மீண்டும் அளப்பார்கள். எல்லாம் முடிந்து பூட்டுத்திருகை இறுக்கும்போது ஆடி சில மைக்ரான் நகர்ந்து, செய்த வேலையைக் கலைத்துவிடுவதும் உண்டு. ஒட்டுப்பசை காயும்போது சுருங்கும். பகலின் வெப்பத்தில் உலோகச் சட்டம் நீளும். விண்வெளிக்குப் போகும் கருவிகளுக்கு இன்னொரு தொல்லை: தரையில் சீரமைக்கும்போது ஆடி தன் எடையாலேயே வளைந்திருக்கும், மேலே போனபின் அந்த வளைவு இராது. ஆகவே தரையில் கருவியை நிமிர்த்தியும் கவிழ்த்தும் அளந்து, எடையால் வரும் பங்கைப் பிரித்தெடுத்துக் கழிக்கிறார்கள். ஆடிகளின் பரப்பிலேயே உள்ள மெருகுப் பிழைகளையும் இவ்வாறே மாதிரியில் சேர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால், ஆடியின் வடிவத்தில் உள்ள பிழையை அதன் இடத்தில் உள்ள பிழையாகக் கணினி எடுத்துக்கொள்ளும்.

அளக்கும் கருவியே தவறாக அமைந்துவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் காப்பாற்றாது என்பதற்கு ஹப்பிள் தொலைநோக்கி சாட்சி. 1990 ஏப்ரலில் ஏவப்பட்ட அதன் 2.4 மீட்டர் முதன்மை ஆடி, விளிம்பில் சுமார் 2.2 மைக்ரான் கூடுதலாகத் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. ஆடியைச் சோதித்த ஒளியியல் கருவியில் ஒரு வில்லை தன் இடத்திலிருந்து 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்ததே காரணம். துல்லியம் குறைந்த வேறு இரண்டு சோதனைகள் பிழையைக் காட்டின. துல்லியம் குறைந்தவை என்பதனாலேயே அவை ஒதுக்கப்பட்டன. தவறு ஆடியின் வடிவத்தில் இருந்ததால், துணை ஆடியை எப்படி நகர்த்தியும் தீராத கோளப் பிறழ்ச்சி அது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தும் ஒளியியலைப் பொருத்திய பிறகே தெளிவான படங்கள் வந்தன. அந்த இடைக்காலத்தில் கலங்கிய படங்களை வைத்தே ஆடியின் பிழையைக் கணக்கிட்ட முறை, பின்னாளில் பெரும்பயன் தந்தது. குவியத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களில் ஒளி பரவியிருக்கும் விதத்திலிருந்து அலைமுகப்பைக் கணினி மீட்டெடுக்கும் முறை அது. தனியாக ஓர் அளவுமானி வேண்டியதில்லை.

2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அந்த முறையைத் தன் சீரமைப்புக்கே பயன்படுத்தியது. அதன் 6.5 மீட்டர் முதன்மை ஆடி 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டுக்கும் ஆறு அசைவுகளோடு, வளைவை மாற்றும் ஒன்றும் சேர்த்து ஏழு இயக்கிகள்; துணை ஆடிக்கு ஆறு; ஆக மொத்தம் 132. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் எவரும் போய்த் திருக முடியாது. சப்தரிஷி மண்டலத்தில் உள்ள எச்.டி. 84406 என்ற நட்சத்திரத்தை முதலில் நோக்கியபோது, ஒரு நட்சத்திரம் 18 மங்கலான புள்ளிகளாகத் தெரிந்தது. எந்தப் புள்ளி எந்தத் துண்டுக்கு உரியது என்று அறிய, துண்டுகளை ஒவ்வொன்றாக அசைத்து, எந்தப் புள்ளி நகர்கிறது என்று பார்த்தார்கள். ஷட்டரை ஒரு அங்குலம் தூக்கிப் பார்க்கும் அதே வேலைதான். பிறகு 18 பிம்பங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து, துண்டுகளின் உயர வேறுபாடுகளை நானோமீட்டர் கணக்குக்குக் குறைத்து, 2022 மார்ச்சில் நடுப்புலத்தைச் சரிசெய்தார்கள். அதோடு நிறுத்தவில்லை. மற்ற கருவிகள் பார்க்கும் ஓரப்புலங்களிலும் அளந்து, துணை ஆடியில் எஞ்சிய பிழையைக் கண்டு திருத்துவது ஒரு தனிக் கட்டமாகவே வைக்கப்பட்டிருந்தது. காரணம் முன்பு சொன்னதுதான்.

தரையில் உள்ள பெரிய தொலைநோக்கிகள் இந்த வேலையை ஒரு முறை செய்து முடித்துவிடுவதில்லை. ஆடி வானத்தில் திசை திரும்பும்போதெல்லாம் எடை விழும் விதம் மாறுவதால், இரவு முழுவதும் அளந்து திருத்திக்கொண்டே இருக்கின்றன. நைனிடால் அருகே தேவஸ்தலில் உள்ள 3.6 மீட்டர் தொலைநோக்கி அத்தகையது. சில கைபேசிக் கேமராக்களிலும் இதன் சிறிய வடிவம் உண்டு: தொழிற்சாலையில் வில்லைத் தொகுதியை உணர்வியின் மேல் பிடித்து, படத்தின் நடுவிலும் மூலைகளிலும் கூர்மையை அளந்தபடி இயந்திரம் அதைச் சாய்த்து நகர்த்தி, சரியான நிலையில் புற ஊதா ஒளியால் பசையை இறுகச் செய்கிறது.

உணர்திறன் அணியைத் தம் கையாலேயே எழுதிப் பார்க்க விரும்பும் மாணவருக்கு, நியூட்டன் வகைத் தொலைநோக்கி ஒன்றும் கைபேசியும் போதும். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மொட்டைமாடியில் இதைச் செய்யலாம். வெளிநாட்டு வழிகாட்டிகள் துருவ நட்சத்திரத்தைப் பயன்படுத்தச் சொல்லும், அது நகராது என்பதால். நமக்கு அது அடிவானத்திலிருந்து 11 பாகை உயரத்தில் மட்டுமே இருக்கிறது. அங்கே காற்றுத் திரையின் ஊடாகப் பார்த்தால் பிம்பம் கொதிக்கும். மார்ச், ஏப்ரல் முன்னிரவில் மக நட்சத்திரம் ஏறக்குறைய உச்சிக்கு வருகிறது, அதுவே நமக்குப் பொருத்தம். சரியாகத் தலைக்கு மேல் இருக்கும்போது டாப்சோனியன் என்னும் எளிய சுழல்பீடத்தைத் திருப்புவது சிரமம் என்பதால் ஒரு மணி நேரம் முன்போ பின்போ பார்க்கலாம். குவியத்தைச் சற்றே விலக்கினால் நட்சத்திரம் ஒளிவட்டமாக விரியும். நடுவில் துணை ஆடியின் நிழல் கரும்புள்ளியாக விழும். அந்தக் கரும்புள்ளி வட்டத்தின் மையத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைப் படத்தில் இடவலமாகவும் மேல்கீழாகவும் அளந்தால் இரண்டு எண்கள் கிடைக்கும்.

முதன்மை ஆடியின் அடியில் மூன்று திருகுகள் இருக்கும். மூன்றையும் ஒரே அளவு திருகினால் ஆடி சாயாது, குவியம் மட்டுமே நகரும். எனவே மூன்றில் ஒன்று கணக்குக்கு மிகை, அதைத் தொடாமல் விடலாம். முதல் திருகை மட்டும் கால் சுற்றுத் திருப்பி, நட்சத்திரத்தை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்து படமெடுத்து அளக்க வேண்டும். அதைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, இரண்டாவது திருகுக்கும் அவ்வாறே செய்ய வேண்டும். கிடைக்கும் நான்கு மாற்றங்களும் இரண்டுக்கு இரண்டு அணி. தொடக்கத்தில் அளந்த விலகல் சமன்பாடுகளின் வலப்பக்கத்தில் வரும். விடை, எத்தனை கால் சுற்றுகள் என்பது. திருகின் தளர்ச்சியும் காற்றின் நடுக்கமும் சேர்ந்து முதல் சுற்றில் மிச்சம் வைக்கும் என்பதால், மறுபடி படமெடுத்து, அதே அணியை வைத்து இரண்டாம் முறை கணக்கிட வேண்டியிருக்கும்.